தண்ணிமலைப் படியும் தராசு முள்ளும்

கோலாலம்பூர்
ஞாயிறு காலை

பாப்பா,

தராசைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாயே, பார்த்தேன். பினாங்கு தண்ணிமலை முருகன் கோயில் படி ஏறத் தொடங்கிய அன்று எடை 63.2 கிலோ, பத்து நாள் கழித்து 64.8. "தே தாரே பால் டீயைக்கூட விட்டுட்டேன், எப்படிம்மா ஏறுது?" என்று கேட்டிருக்கிறாய். ஏறினது கொழுப்பு இல்லை, தண்ணீர். கணக்குப் போட்டுப் பார். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி உபரியாக உள்ளே போகணும். 1.6 கிலோவுக்கு 12,000க்கு மேல். ஒரு ரொட்டி சானாய் சுமார் 300 கலோரி. வழக்கமான சாப்பாடு போக இந்தப் பத்து நாளில் நாற்பது ரொட்டி தின்றாயா?

இந்தத் தண்ணீரில் ஒரு பங்கு உன் தொடையில்தான் இருக்கிறது. 513 படி ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் தசையைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். கீழ்ப் படியில் கால் பதியும் வரை முன்தொடைத் தசை பிரேக் மாதிரி உடம்பைத் தாங்குகிறது. இறுகிக்கொண்டே நீளவும் வேண்டியிருப்பதால் பழகாத தசையின் நுண்ணிய இழைகள் ஆங்காங்கே கிழிகின்றன. அதைச் சரிசெய்ய உடம்பு அங்கே நீரை அனுப்புகிறது, தசை வீங்குகிறது. அன்று சாயந்திரம் ஒன்றும் தெரியாது. மறுநாள் பிடித்து, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். கழிப்பறையில் உட்கார்ந்து எழச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது என்றாயே, அது இதுதான். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வலி என்று யாராவது சொன்னால் நம்பாதே, அது ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து வடிந்துவிடும். வலி ஐந்தாறு நாளில் அடங்கும். அதே படிகளை மறுவாரம் இறங்கினால் பாதி வலிகூட இருக்காது.

இன்னொரு பங்கு எரிபொருளோடு ஒட்டிய தண்ணீர். வேலை கொடுக்கக் கொடுக்கத் தசை கிளைக்கோஜன் என்கிற சேமிப்புச் சர்க்கரையைக் கூடுதலாகச் சேமிக்கும். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் கூடவே தங்கும். 200 கிராம் கூடினாலே 800 கிராம் எடை. அதோடு, முதல் வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியும் பெருகும். பினாங்கு புழுக்கத்தில் வியர்வை உலராமல் வழிகிறது, சூட்டைத் தணிக்க உடம்புக்கு அதிக நீர் தேவைப்படுகிறது. பத்துப் பதினாலு நாளில் சூடு பழகி, சீக்கிரமே வியர்க்கும், நெஞ்சுப் படபடப்பும் குறையும். இந்த நேரத்தில் ரத்தப் பரிசோதனை செய்தால் ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவாகத் தெரியலாம். ரத்தம் நீர்த்துப்போனதால் அப்படித் தெரியும்.

பரிசோதனை என்றதும் ஞாபகம் வருகிறது. கம்பெனி மெடிக்கல் செக்கப் இருந்தால் அதற்கு ஒரு வாரம் முன்பே கடினப் பயிற்சியை நிறுத்திவிடு. அடிபட்ட தசையிலிருந்து சிகே, ஏஎஸ்டி, ஏஎல்டி என்கிற நொதிகள் ரத்தத்தில் கசியும். கடைசி இரண்டும் கல்லீரல் சோதனையிலும் பார்ப்பவை. கல்லீரல் கெட்டுவிட்டதோ என்று வீணாகப் பயமுறுத்துவார்கள்.

இனி செய்ய வேண்டியது. முதல் நாளே உச்சி வரைக்கும் போனது தப்பு. இந்த வாரம் 150 படியோடு திரும்பு, வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. வாரம் நூறு படி கூட்டிக்கொண்டு போ. இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து, பாதம் முழுவதும் பதித்து, மெதுவாக. ஓய்வு நாளில் யூத் பார்க் சமதளத்தில் அரை மணி நடந்தால் பிடிப்பு இளகும். கடைசிப் படி இறங்கியதும் சட்டென்று நிற்காதே, ரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். ஐந்து நிமிஷம் நட. கோடாலித் தைலம் மேலே சூடு காட்டும், அவ்வளவுதான். தடவிக்கொள், தப்பில்லை. ஆனால் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறாதே. வியர்த்து நீர் வற்றின உடம்பில் இபுப்ரோஃபென் மாதிரி மாத்திரை சிறுநீரகத்துக்கு ஆகாது. ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற நடைக்கு வெறும் தண்ணீர் போதும், 100 பிளஸ் மாதிரி விளையாட்டு பானம் எதற்கு?

தராசு வாரம் ஒரு நாள் போதும். காலையில் சிறுநீர் கழித்ததும், ஒன்றும் குடிக்காமல், அதே தராசில். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்து எடையைக் கணக்கில் சேர்க்காதே, அதுவும் தண்ணீர்தான். எனக்கு தராசைவிட இஞ்ச் டேப்பில்தான் நம்பிக்கை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை விட்டபின் அள. இந்தத் தண்ணீர் பெரும்பாலும் சில வாரத்தில் வடியும். அதுவரை பயந்து சோற்றைப் பாதியாக்காதே. தசை ஆற அரிசியும் வேண்டும், முட்டை, பருப்பு, மீனும் வேண்டும். முதல் வாரங்களில் ஏறுவது சுலபமாகத் தோன்றினால் சதை வளர்ந்ததாக நினைக்காதே, நரம்பு பழகுகிறது. கண்ணுக்குத் தெரிய இரண்டு மாதமாவது ஆகும்.

இதை மட்டும் கவனமாகப் படி. வலி தாங்க முடியாமல், தொடை கல்லாக வீங்கி, சிறுநீர் கோப்பி-ஓ மாதிரி, பால் விடாத காப்பி நிறத்தில் போனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதே. தசை உடைந்து அதன் நிறமி சிறுநீரகத்தை அடைக்கிற நிலை அது. உடனே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போ, "புதுசா எக்சர்சைஸ் ஆரம்பிச்சேன்" என்று முதல் வாக்கியமாகச் சொல். வைட்டமின் மாத்திரையால் வரும் பளிச்சென்ற மஞ்சளுக்குப் பயப்படாதே. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகச் சிவந்தாலோ, நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ அப்போதும் உடனே அவசரப் பிரிவுக்குப் போ. புதுப் பயிற்சியின் வலி இரண்டு காலிலும், சதையில் பரவலாக இருக்கும். முழங்கால் மூட்டிலோ, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் விரல் வைக்கிற ஒரே இடத்திலோ குத்தினால் ஏறுவதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்.

தேய்ந்த சப்பாத்தை மாற்று. தண்ணீர் போத்தலைப் பைக்குள் வை, கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், அங்கே குரங்குத் தொல்லை. அடுத்த ஞாயிறு தராசைப் படம் பிடிக்காதே, டேப் அளவை மட்டும் அனுப்பு.

அம்மா