அன்பான சீஷன் லாசருதான்னு முடிச்சுட முடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

யோவான் சுவிசேஷத்துல பேரே சொல்லாம வர்ற 'இயேசுவுக்கு அன்பாயிருந்த சீஷன்' யாருன்னு போன இதழ்ல ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. அது இயேசு கல்லறையில இருந்து உயிரோட எழுப்பின லாசருதான், இனிமே சந்தேகமே வேண்டாம்னு கட்டுரையாளர் முடிச்சிருந்தார். நல்லா உழைச்சு எழுதியிருக்கார், அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா அந்த 'சந்தேகமே வேண்டாம்'ங்கிறத மட்டும் என்னால ஏத்துக்க முடியல, ரெண்டு நாளா சுவிசேஷத்தத் திரும்பத் திரும்ப எடுத்துப் படிச்சுட்டுதான் இத எழுதுறேன்.

லாசரு பக்கம் பலம் இருக்கு, அத மொதல்ல சொல்லிடறேன். பதினொண்ணாம் அதிகாரத்துல லாசருவோட சகோதரிங்க இயேசுகிட்ட ஆள் அனுப்பும்போது பேரைக்கூட சொல்லல, "நீர் சிநேகிக்கிறவன் வியாதியாயிருக்கிறான்"னுதான் சொல்லி அனுப்புறாங்க, இயேசு கண்ணீர் விட்டதப் பாத்த ஜனங்களும் இவனை எவ்வளவு சிநேகிச்சார் பாருங்கன்னுதான் பேசிக்கிறாங்க. 'அன்பான சீஷன்'ங்கிற பட்டம் அதுக்கு அப்புறம் 13ஆம் அதிகாரத்துலதான் மொத தடவையா வருது, அதுக்கு முன்னாடி ஒரு இடத்துலயும் கிடையாது. இன்னொண்ணு, கட்டுரையாளர் இத சொல்லாம விட்டுட்டார், எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட பெருசா படுது: லாசரு கல்லறையில இருந்து வெளிய வரும்போது முகத்துல சுத்தியிருந்த சீலைக்கு கிரேக்கத்துல என்ன வார்த்தையோ, அதே வார்த்தைதான் 20ஆம் அதிகாரத்துல இயேசுவோட கல்லறையில தனியா சுருட்டி வெச்சிருந்த சீலைக்கும் வருது. அன்பான சீஷன் உள்ள போய் பாத்தவுடனே விசுவாசிச்சார்னு எழுதியிருக்கு. அந்தச் சீலை தன் முகத்துலயே கிடந்த ஒருத்தர் அதப் பாத்தா என்ன தோணும்னு நெனச்சாலே உடம்பு சிலிர்க்குது.

அப்படியிருந்தும் ஏன் ஒத்துக்கலன்னா, 11லயும் 12லயும் லாசரு லாசருன்னு பேரைச் சொல்லியே எழுதிட்டு வர்றவர், 12ஆம் அதிகாரத்துல இயேசுவோட பந்தியில லாசரு உக்காந்திருந்தார்னு பேரோட சொல்றவர், அடுத்த அதிகாரத்துல அதே ஆள இன்னொரு பந்தியில வெச்சு "சீஷரில் ஒருவன்"னு யாரோ மாதிரி ஏன் அறிமுகம் பண்ணணும்? மறைக்கணும்னா மொதல்லயே மறைச்சிருக்கலாமே. பகிரங்கமா சொன்ன பேர மறுபக்கத்துல மறைக்கிறதுக்கு ஒரு காரணம் வேணும், கட்டுரையில அது இல்ல.

அடுத்தது பிரதான ஆசாரியன் வீட்டு முற்றம். இயேசுவப் பிடிச்சுக் கொண்டுபோன ராத்திரி பேதுருவோட இன்னொரு சீஷன் பின்னால போறார், அவர் பிரதான ஆசாரியனுக்கு அறிமுகமானவர், அதனால சாதாரணமா உள்ள போயிட்டு, திரும்ப வெளிய வந்து வாசல் காக்குற பொண்ணுகிட்ட சொல்லி பேதுருவையும் உள்ள கூட்டிட்டுப் போறார். ஆனா 12:10ல பிரதான ஆசாரியர்கள் லாசருவையும் கொல்லணும்னு ஆலோசனை பண்ணியாச்சு. கொல்லத் தேடுற ஆள் அந்த வீட்டு வாசல்ல நின்னு சிபாரிசு பண்ண முடியுமா? அந்த வசனத்துல 'வேறொரு சீஷன்'ங்கிற அளவுலதான் இருக்கு, அன்பான சீஷன்னு நேரடியா இல்லங்கிறதும் உண்மைதான். ஆனா 20:2ல அன்பான சீஷனையே 'மற்றச் சீஷன்'னு சொல்றதப் பாத்தா ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு நான் நெனைக்கிறேன்.

மகதலேனா மரியாள்தான் அந்தச் சீஷன்னு சொல்றவங்களும் இருக்காங்க, அதுக்கு ரொம்ப பேச வேண்டியதில்ல, 20:2ல மரியாளே ஓடிவந்து பேதுருகிட்டயும் அந்தச் சீஷன்கிட்டயும்தான் சேதி சொல்றாங்க. தன்கிட்டயே வந்து தானே சேதி சொல்ல முடியாது.

அப்ப பன்னிரண்டு அப்போஸ்தலர்ல ஒருத்தரான செபெதேயுவின் மகன் யோவானா? நான் வளந்தது அந்த நம்பிக்கையிலதான், ரொம்ப வருஷம் வேற யோசிச்சதே இல்ல. சுமார் கி.பி. 180ல லியோன் நகரத்து பிஷப் இரேனேயு எழுதும்போது ஆண்டவர் மார்புல சாஞ்சிருந்த யோவான்தான் எபேசுல இருந்து இந்தச் சுவிசேஷத்தக் கொடுத்தார்னு தெளிவா சொல்றார், இரேனேயு சின்ன வயசுல ஸ்மிர்னா பிஷப் பொலிகார்ப்ப நேர்ல கேட்டவர், பொலிகார்ப் யோவானப் பாத்தவர்னும் அவரே சொல்றார், இது லேசான சாட்சி இல்ல. அதோட இந்தப் புஸ்தகத்துல செபெதேயுவின் மகன் யோவானோட பேர் ஒரு தடவைகூட வராது, யோவான்னு மொட்டையா சொன்னா அது யோவான்ஸ்நானகன்தான், கூட இன்னொரு யோவான் இருந்தா குழம்புமேன்னு எழுதினவருக்குத் தோணவே இல்ல. அப்போஸ்தலர் நடபடிகள்லயும் பேதுருவும் யோவானும் பல இடத்துல ஜோடியா வர்றாங்க. இதெல்லாம் சேத்துப் பாத்தா யோவான்னு சொல்றவங்க மேல எனக்கு மரியாதை குறையவே இல்ல.

ஆனா மனசுக்கு உறுத்துறது என்னன்னா, இயேசுவோட ரூபம் மாறிப் பிரகாசிச்ச மறுரூப மலையில யோவான் இருந்தார், செத்துப்போன யவீருவோட மகள இயேசு எழுப்பினப்போ அந்த அறையில இருந்தார், கெத்செமனே தோட்டத்துல கொஞ்சம் தள்ளி இருந்தார்னு மத்த சுவிசேஷங்க சொல்லுது, இந்த ஒரு சுவிசேஷத்துல மலையும் இல்ல, யவீருவோட மகளும் இல்ல, தோட்டத்துல இயேசு வேதனைப்பட்டு ஜெபம் பண்ணதும் இல்ல. கண்ணால பாத்தவர் அத விட்டுட்டா எழுதுவார்? தவிர கலிலேயால மீன் பிடிச்சவர் பிரதான ஆசாரியனுக்கு அறிமுகமானவர்னா அதுக்கும் ஒரு விளக்கம் வேணும்.

அதனால என் கருத்து, இவர் பன்னிரண்டு பேர்ல ஒருத்தர் இல்ல, எருசலேமச் சேந்த ஒரு சீஷன், நமக்கு வேற எங்கயும் பேர் கிடைக்காத ஒருத்தர். கடைசி அதிகாரத்த விட்டுட்டுப் பாத்தா அவர் வர்ற இடம் எல்லாமே எருசலேம்தான், பந்தி, முற்றம், சிலுவை, கல்லறை. சிலுவைகிட்ட இயேசு தன் தாயை இவர்கிட்ட ஒப்படைச்சதும் "அந்நேரமுதல் அந்தச் சீஷன் அவளைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான்"னு இருக்கு, 'அந்நேரமுதல்'னு சொன்னா அவருக்குப் பக்கத்துலயே ஒரு வீடு இருந்திருக்கணும். அப்ப கடைசி அதிகாரத்துல திபேரியா கடல்ல படகுல எப்படி வந்தார்னு கேப்பீங்க, 21:2ல செபெதேயுவின் குமாரரோட "வேறு இரண்டுபேரும்" இருந்தாங்க, அவங்களுக்கும் பேர் இல்ல. பன்னிருவரோட கடைசி பந்தியில வெளியாள் எப்படி இயேசுவோட மார்புல சாஞ்சிருந்தார்ங்கிறதுதான் என் கருத்துக்குப் பெரிய இடைஞ்சல், மத்த சுவிசேஷங்க பன்னிரண்டு பேரத்தான் சொல்லுது. பதில் என்கிட்ட முழுசா இல்ல, ஆனா யோவான் சுவிசேஷம் அந்தப் பந்தியில பன்னிரண்டு பேர் மட்டும்தான்னு எங்கயும் சொல்லல.

யார்னு தேடுற அவசரத்துல நாம கவனிக்காம விடுற ஒண்ணு, சிலுவைகிட்ட பேர் இல்லாம நிக்கிறது இவர் மட்டும் இல்ல. இந்தச் சுவிசேஷத்துல இயேசுவோட தாயோட பேரும் ஒரு இடத்துலயும் வராது. மத்த மரியாள் எல்லாருக்கும் பேர் இருக்கு, இவங்களுக்கு 'இயேசுவின் தாய்' மட்டும்தான். 'அதோ உன் மகன்'னு சொல்லி இயேசு ஒருத்தர ஒருத்தர்கிட்ட ஒப்படைக்கிற ரெண்டு பேருக்குமே பேர் இல்லாதது தற்செயல்னு என்னால நம்ப முடியல.

தமிழ்ல படிக்கிற நமக்கு இன்னொண்ணு மறஞ்சு போகுது. 1:18ல குமாரன் "பிதாவின் மடியிலிருக்கிற"வர், 13:23ல சீஷன் "இயேசுவின் மார்பிலே" சாஞ்சிருக்கார். மடி, மார்புன்னு ரெண்டா வந்தாலும் மூலத்துல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான், கொல்பொஸ். பிதாவுக்கு மகன் எங்க இருக்காரோ, மகனுக்கு இந்தச் சீஷன் அங்க இருக்கார். பிதாவ மகன் வெளிப்படுத்தினார், மகனப் பத்தி இந்தச் சீஷன் சாட்சி சொல்றார். எழுதினவர் அவர நமக்கு அடையாளம் காட்டினது இப்படித்தான், பேர வெச்சு இல்ல. இத முதல் தடவை கவனிச்ச அன்னைக்கு ரொம்ப நேரம் புஸ்தகத்த மூட முடியல எனக்கு.

கட்டுரையாளர்கிட்ட ஒரே ஒரு கேள்வி, அடுத்த இதழ்ல பதில் போட்டா சந்தோஷம். 21:23ல "அந்தச் சீஷன் மரிப்பதில்லை"ன்னு பேச்சு பரவினதுக்கு லாசரு ஏற்கனவே செத்து எழுந்ததுதான் காரணம்னு எழுதியிருந்தார். ஆனா அந்த வசனமே வேற காரணம் சொல்லுதே, "நான் வருமளவும் இவனிருக்க எனக்குச் சித்தமானால், உனக்கென்ன?"ன்னு இயேசு பேதுருகிட்ட சொன்ன வார்த்தையில இருந்துதான் அந்தப் பேச்சு கிளம்பினதுன்னு. காரணத்த வசனமே சொல்லும்போது லாசரு அதுக்குள்ள எப்படி வந்தார்?

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்