பாதிப் பேர், பாதிக் கணக்கு

குன்னூர்

அன்புள்ள மலர்,

ஆங்கில வகுப்பில் தமிழே பேசக்கூடாது என்று பயிற்சியில் சொன்னார்கள், பேசாவிட்டால் பிள்ளைகள் முழிக்கிறார்கள், எந்த முறையில்தான் நடத்துவது என்று போனில் கேட்டாய். அவசரத்தில் சொல்கிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

பந்தலூரில் உன் வகுப்பு சாதாரண வகுப்பில்லை. தமிழ்ப் பிள்ளைக்குப் பக்கத்தில் மலையாளத்துப் பிள்ளை, அதற்கடுத்து ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்களின் பிள்ளை. வரிக்கு வரி தமிழில் அர்த்தம் சொன்னால் அந்தக் கடைசிப் பிள்ளைக்கு இரண்டு பாஷையும் புரியாது. சின்ன வகுப்புக்கு ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்ன வழி நல்லது. நீ ஆங்கிலத்தில் சொல், அவர்கள் செய்து காட்டட்டும்: எழுந்திரு, ஜன்னலைச் சாத்து, சிவப்புப் பென்சிலை அவளிடம் கொடு. உடனே பேசு பேசு என்று விரட்டாதே.

ஆறாம் வகுப்புக்கு மேல் அது போதாது. அங்கே எனக்குப் பிடித்தது, ஆங்கிலம் கற்பிப்பதை ஆராய்ந்த என்.எஸ். பிரபுவின் வழி. 1979-இல் பெங்களூரில் தொடங்கி, சென்னைப் பக்கத்துப் பள்ளிகளிலும் செய்து பார்த்தார். ரயில் அட்டவணை, வரைபடம் மாதிரி ஒன்றைக் கொடுத்து, அதை வைத்து ஒரு கணக்கை யோசித்துப் போட வைப்பதுதான் பாடம். முதல் கணக்கை ஆசிரியரும் வகுப்பும் சேர்ந்து வாய்விட்டுப் போட வேண்டும். அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தனியாகப் போட வேண்டும். பாதிப் பேர் பாதியாவது சரியாகப் போட்டால் கணக்கு அளவாக இருக்கிறது என்று அர்த்தம்.

நம் மலை ரயிலையே எடுத்துக்கொள். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பி, நண்பகல் வாக்கில் ஊட்டி. மதியம் 2 மணிக்கு அங்கிருந்து திரும்பக் கிளம்பிவிடுகிறது (மழையில் பாதை சரியாமல் இருந்தால்). சாப்பிட்டு, பொட்டானிக்கல் கார்டனையும் பார்த்துவிட்டு அதே ரயிலைப் பிடிக்க முடியுமா? ஏறுவதைவிட இறங்க ஏன் குறைந்த நேரம்? இதற்குச் சண்டையே போடுவார்கள். தமிழில் கத்தினால் கத்தட்டும், நீ அதையே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மேலே போ.

இலக்கணத்தைத் தனியாக நடத்த வேண்டாம் என்பார் பிரபு. அதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. உனக்குக் காலாண்டுத் தேர்வு இருக்கிறதே! கணக்கு முடிந்த பிறகு, நோட்டில் கண்ட தப்புகளில் நாலைந்தைப் போர்டில் எழுதித் திருத்து. எல்லாருக்கும் பொருந்துகிற சிறந்த முறை கிடையாது என்று 1990-இல் அவரே எழுதியிருக்கிறார், அதனால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சரி, ஸ்டேஷனில் இருக்கும் நேரப் பலகையை அப்பா போட்டோ எடுத்து அனுப்புவார். பிரிண்ட் போட்டு இரண்டு பேருக்கு ஒன்றாகக் கொடு.

அம்மா