ஆறு சொல்லுக்குள் ஒரு ஆயுசு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகளுக்கு,

"அப்பா, உங்கட வாழ்க்கைய ஆறு சொல்லில சொல்லுங்க பாப்பம்" என்று போனில் கேட்டுவிட்டு நீ வேலைக்குப் போய்விட்டாய். எனக்குத்தான் மூன்று நாளாக வேறு நினைப்பில்லை. 2006இல் அமெரிக்காவில் ஸ்மித் என்றொரு சஞ்சிகை வாசகர்களிடம் இதைத்தான் கேட்டதாம், எழுதிக் குவித்தார்களாம், பிறகு புத்தகமாகவும் வந்ததாம் என்றாய். இங்கே என் கலண்டர் தாளின் பின்பக்கமும் நிறைந்துவிட்டது.

கணினி வரும்வரை நான் அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் கோத்தவன். மரண அறிவித்தல்தான் அதிகம். பேரன், மருமகன், மைத்துனன் என்று அடுக்கிக்கொண்டு போக, பெட்டியில் 'ன்' முடிந்துவிடும். ஒருநாள் ஒரு பெரியவர் மனைவியின் அறிவித்தலுக்கு வந்தார். உறவுமுறை எல்லாம் எழுதி முடிந்த பிறகும் போகவில்லை. மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றார். "தம்பி, கீழ ஒரு வரி போடுங்க. எனக்கு முதல் ஒருநாளும் சாப்பிட்டதில்ல." நாலே சொல்தான் கூடுதலாகக் கோத்தேன். அந்தத் தாளில் இருந்த மற்ற எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று, அந்த அம்மாவின் பெயர்கூட.

உன் அப்பம்மாவையும் நினைத்தேன். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி. விடிந்தபோது தென்னைகள் படுத்துக் கிடந்தன, எங்கள் கிடுகுக் கூரை எங்கே போனதென்றே தெரியவில்லை. பெரிய மாமா நடந்தே வந்து சேர்ந்து, வாசலில் நின்று என்ன பாடு என்று கேட்டார். அம்மா ஈரச் சீலையோடு அடுப்புக்கல்லைத் தேடியபடியே சொன்னா: "கூரை பெயித்து, புள்ளையள் இரிக்கி, மறுகா என்ன?" கூரை போனாலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பிறகென்ன என்றுதான். நேற்று அம்மாவின் சொற்களை விரல் விட்டு எண்ணினேன். சரியாக ஆறு.

எங்கள் பாஷை இதற்கென்றே செய்தது போலத்தான் படுகிறது. 'வரமாட்டாளாம்' என்று ஒரே சொல் சொன்னால் ஆள் ஒரு பெண், வரப்போவதில்லை, அதுவும் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டது, எல்லாம் அதற்குள் வந்துவிடும். வள்ளுவருக்கு ஒரு குறளுக்கு ஏழு சீர் போதுமாக இருந்தது, அப்படி 1330. நமக்கு ஒரு சீர் குறைவு, அவ்வளவுதான்.

ஆனால் குறைத்துச் சொல்வது லேசில்லை, மகள். முதலில் தொழில், படிப்பு, வீடு கட்டினது எல்லாம் எழுதினேன். அது வேலைக்கு விண்ணப்பம் போல இருந்தது. வெட்டி வெட்டிக் கடைசியில் நின்றது இதுதான்:

கல்லடிப் பாலத்தால் போனேன், ஒவ்வொரு நாளும் திரும்பினேன்.

நான் சொல்வது பழைய ஒடுங்கின பாலத்தை. 2013இல் திறந்த புதுப் பாலத்தில்தான் நீ ஸ்கூட்டி பழகினாய். அந்த யுத்த நாட்களில் காலையில் சைக்கிளில் போகிறவன் பின்னேரம் வீடு வருவான் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நான் வரும்வரை உன் அம்மா படலையடியிலேயே நிற்பா. அதையெல்லாம் எழுத நினைத்துத் தாளை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். 'திரும்பினேன்' என்ற சொல்லுக்குள் அம்மா நிற்கிறா.

அவவிடமும் கேட்டேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தா, நிமிரவில்லை. "ரெண்டு பெத்தன், ரெண்டும் தூரம்" என்றா. இன்னும் ரெண்டு சொல் சேர்க்கலாம் என்றேன், வேண்டாம் என்றுவிட்டா.

உன்னுடையதை எழுதி அனுப்பு. பொங்கலுக்கு லீவு கிடைக்குமா என்றும் பார்.

அன்புடன்,
அப்பா