திரை திறக்காத சங்கதி

அன்புள்ள செந்தில்,

அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்து நேரத்தைச் சொல்ல நீயே ஆப் எழுதுவது சரிதான். நேரம் வந்தும் ஆப்பின் திரை திறக்காமல் ஃபோன் கம்மென்று கிடக்கிறது என்கிறாய். உன் கோடில் (நிரலில்) தப்பில்லை; அது ஆண்ட்ராய்டு 9 வரைக்குமான கோடு, அவ்வளவுதான்.

2019-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து, பின்னணியில் ஓடும் ஆப் தன் இஷ்டத்துக்குத் திரையைத் திறக்க முடியாது. வம்பு என்னவென்றால், தடுக்கும்போது எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) வராது, கிராஷும் ஆகாது. லாக்கேட்டில் (ஃபோனின் பதிவேட்டில்) 'பேக்ரவுண்ட் ஆக்டிவிட்டி' என்று ஒரு வரி விழும், அதோடு சரி. ஃபோர்கிரவுண்ட் சர்வீஸாக (நோட்டிஃபிகேஷன் காட்டிக்கொண்டே ஓடும் வேலையாக) மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றும். மாற்றாதே. பெயரில்தான் ஃபோர்கிரவுண்ட், இந்தத் தடைக்கு அது கணக்கில் வராது.

சோதிக்கும்போது ஏமாந்துவிடாதே. ஆப் கண்ணெதிரே இருந்தால் எல்லாம் ஒழுங்காகத் திறக்கும். இப்போதுதான் மூடினாய் என்றாலும் சில நொடி சலுகை உண்டு. திரையை அணைத்து, இரண்டு நிமிடம் விட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பின்னணி வேலைகளை ஓட்டும் வொர்க் மேனேஜரை நேரத்துக்கு நம்பாதே. திரும்பத் திரும்ப ஓடும் வேலைக்குக் குறைந்தபட்ச இடைவெளியே 15 நிமிடம். ஃபோன் அயர்ந்துவிட்டால் அதுவும் தள்ளிப்போகும். குறித்த நேரத்தில் ஆப்பை எழுப்பும் அலாரம் மேனேஜரில் 'செட் அலாரம் கிளாக்' போடு. 12-ஆம் பதிப்பு முதல் அதற்குத் துல்லிய அலாரம் அனுமதி வேண்டும். ஃபோனை அணைத்துப் போட்டால் அலாரமெல்லாம் அழிந்துவிடும், பூட் ஆனதும் மறுபடி வைக்க, சிஸ்டம் அனுப்பும் சேதியைப் பிடிக்கும் ஒரு ரிசீவர் எழுது.

அலாரம் அடித்ததும் அதைப் பிடிக்கும் ரிசீவர் திரையைத் திறக்க வேண்டாம், நோட்டிஃபிகேஷன் மட்டும் போடட்டும். அதில் 'செட் ஃபுல் ஸ்கிரீன் இன்டென்ட்' என்று உன் திரையின் பெண்டிங் இன்டென்டை (பிறகு திறக்கச் சொல்லி சிஸ்டத்திடம் தரும் சீட்டை) கொடுத்தால், திறக்கும் வேலையை சிஸ்டமே பார்த்துக்கொள்ளும். பெண்டிங் இன்டென்டுக்கு இம்யூட்டபிள் (மாற்றக் கூடாது என்னும்) ஃப்ளாக் போட மறக்காதே. 12-ஐ டார்கெட் செய்யும் ஆப்பில் மாற்றலாமா கூடாதா என்று சொல்லாமல் விட்டால் அங்கேயே கிராஷ். மேனிஃபெஸ்டில் (ஆப்பின் விவரக் கோப்பில்) ஃபுல் ஸ்கிரீன் இன்டென்ட் அனுமதி, ஆக்டிவிட்டிக்கு (உன் திரைக்கு) 'ஷோ வென் லாக்டு', 'டர்ன் ஸ்கிரீன் ஆன்' இரண்டும் வேண்டும்.

நோட்டிஃபிகேஷனின் சேனல் (அதன் வகை) 'இம்பார்ட்டன்ஸ் ஹை' (அதிக முக்கியத்துவம்) ஆக இருக்க வேண்டும். முதலில் டீஃபால்டில் உருவாக்கிவிட்டு அப்புறம் கோடில் உயர்த்தினால் ஏறாது, ஒருமுறை உருவான சேனல் உருவானதுதான். புது ஐடி கொடு, இல்லையென்றால் ஆப்பை நீக்கிவிட்டுப் போடு. 13 முதல் நோட்டிஃபிகேஷனுக்கே பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும். அம்மா 'வேண்டாம்' என்று தட்டிவிட்டால் அவ்வளவும் வீண்.

இதெல்லாம் செய்தும், திரை பூட்டாமல் ஃபோன் கையில் இருந்தால் முழுத்திரை வராது, மேலே ஒரு பட்டைதான் இறங்கும். பிழை என்று தேடாதே, அது அப்படித்தான். அந்தப் பட்டையில் 'ஊற்றியாச்சு' பட்டன் வைத்தால், அதைப் பிடிக்கும் ரிசீவரிலிருந்து திரையைத் திறக்கப் பார்க்காதே. 12-இல் அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள்.

14-இல் இன்னொரு முடிச்சு. ப்ளே ஸ்டோர் வழியாகப் போனால், அலாரம், அழைப்பு ஆப்களுக்கு மட்டும்தான் ஃபுல் ஸ்கிரீன் அனுமதி தானாகக் கிடைக்கும். 'கேன் யூஸ் ஃபுல் ஸ்கிரீன் இன்டென்ட்' என்று கேட்டுப் பார். இல்லை என்றால் செட்டிங்ஸ் பக்கத்துக்கு அனுப்பு. மற்ற ஆப்களின் மேல் காட்டும் அனுமதியை வாங்கினால் நேரடியாகவே திறக்கலாம்தான். ஆனால் ஒரு சொட்டு மருந்துக்காக அவ்வளவு பெரிய சாவியைக் கேட்பது எனக்கு ஒப்பவில்லை.

அம்மா ஃபோன் எந்தப் பதிப்பு? ஷியோமியாக இருந்தால் பின்னணியிலிருந்து திரை காட்டவும், பூட்டிய திரையில் காட்டவும் தனித்தனி சுவிட்ச் உண்டு. அதைப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
ரவி