புறாக் கறிக் குறிப்பு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் தமிழ்ச் சமையல் குழுக்களை நடத்தும் அன்பர்களுக்கும், அங்கே குறிப்பு எழுதும் அக்காமார், அண்ணன்மாருக்கும்,

வணக்கம்.

"நான்கு புறாக்களைச் சுத்தம் செய்து எடுத்துக்கொள்ளவும்." உங்கள் புறாக் கறிக் குறிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. எந்தப் புறா, குஞ்சா கிழடா, எப்படிச் செத்தது, செத்து எவ்வளவு நேரமாயிற்று என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. கோழிக்கு இது பரவாயில்லை. கடைக் கோழியெல்லாம் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே வளர்ப்பு. புறாவுக்கு இந்த நான்கும் தெரியாமல் அடுப்பை மூட்டக் கூடாது. கறி ரப்பராக வந்தால் இன்னும் கொஞ்சம் மிளகு போடச் சொல்கிறீர்கள். கோளாறு மிளகில் இல்லை.

முதலில் புளோக் புறாவை, அதாவது நம் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே திரியும் புறாவைப் பேசி முடித்துவிடுவோம். "கீழே சும்மா திரிகிறதுதானே, ஊரில் பிடித்துச் சாப்பிடவில்லையா?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. பிடிக்க வேண்டுமானால் தானியம் தூவ வேண்டும். இங்கே தூவுவதே குற்றம்: முதல்முறை 5,000 வெள்ளி வரை அபராதம், மறுபடியும் செய்தால் 10,000 வரை. கவண், பசைப்பொறி என்று போய்ப் பறவையைக் குற்றுயிராக விட்டால் அது விலங்குவதை. அதற்கு 15,000 வெள்ளி வரை அபராதமும் 18 மாதம் வரை சிறையும் உண்டு. காற்றுத்துப்பாக்கியை உரிமமில்லாமல் வைத்திருக்கவே கூடாது. மரத்தில் உட்காரும் பச்சைப்புறாவும் புல்வெளியில் மேயும் புள்ளிப்புறாவும் இந்த மண்ணின் பறவைகள். அவற்றின் மேல் கை வைத்தால் வனவிலங்குச் சட்டம் வரும்.

சட்டத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு இறைச்சியை மட்டும் பார்த்தாலும் புளோக் புறா சட்டிக்கு ஆகாது. காப்பிக்கடை மேசையில் மிஞ்சிய கோழிச்சோறு, குப்பைத்தொட்டியோரத்து ரொட்டி, சாலையோர மண் இவைதான் அதன் தீனி. நகரத்துப் புறாவின் உடம்பில் ஈயம் சேர்கிறது. எத்தனை விசில் விட்டாலும் ஈயம் வேகாது. புறாவைக் குறைக்க ஆல்பா குளோராலோஸ் என்ற மயக்கமருந்தைத் தானியத்தில் கலந்து வைக்கும் வழக்கம் பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழிலில் உண்டு. தள்ளாடி நடக்கும், கையில் சுலபமாகச் சிக்கும் புறா அதைத் தின்ற புறாவாகவே இருக்கலாம். நோயும் தின்னும்போது வருவதைவிடச் சுத்தம் செய்யும்போதுதான் அதிகம் வருகிறது. கிளிக்காய்ச்சல் கிருமி காய்ந்த எச்சத்திலும் இறகுத்தூசியிலும் இருக்கும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரல்காய்ச்சல். அடுக்களைத் தொட்டியில் புறாவின் இறகைப் பிய்ப்பவர் அந்தத் தூசியை முகத்துக்கு நேரே கிளப்புகிறார்.

இனி, சட்டப்படி வேட்டையாடிய புறா. நம் பிள்ளைகள் பலர் படிக்கப் போகும் இங்கிலாந்தில், பண்ணைக்காரர் பக்கத்து வீட்டுக்கு நாலு புறா கொடுத்தனுப்புவது சாதாரணம். அதை என்ன செய்வது என்று உங்கள் குழுக்களில்தான் கேட்கிறார்கள். அது மாடப்புறா அல்ல, மரப்புறா. கழுத்தோரம் வெள்ளைத் திட்டும் சிறகில் வெள்ளைக் கோடும் இருக்கும்; அரைக் கிலோ எடை. கடுகினப் பயிர், பட்டாணி, அறுத்த கோதுமை வயல் என்று மந்தையாக இறங்கும். பயிருக்குப் பெருஞ்சேதம் வராமல் தடுக்கத்தான் அங்கே பொது உரிமம் கொடுக்கிறார்கள். "கறி தின்ன ஆசை" என்பது உரிமத்துக்குக் காரணமாகாது. சுட்டதைச் சாப்பிடத் தடையில்லை, அவ்வளவுதான். 2019 ஏப்ரலில் பழைய பொது உரிமங்களைத் திரும்பப் பெற்று, பிறகு நிபந்தனைகளை மாற்றி எழுதினார்கள். ஆகவே யாரோ பத்து வருடத்துக்கு முன் சொன்னதை நம்பாமல் நடப்பு உரிமத்தைப் படிக்க வேண்டும். நிலத்துக்காரர் சம்மதமும் வேண்டும். பசை, வில், கட்டிப்போட்ட உயிர்ப்புறா ஆகியவற்றை 1981-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருக்கிறது.

சுடும் முறை கறியையும் தீர்மானிக்கிறது. வயலோரம் வலைமறைப்புக் கட்டி, முன்னால் பொம்மைப் புறாக்களை வைப்பார்கள். எல்லாம் காற்றுக்கு எதிராக முகம் வைத்து, நடுவில் ஓர் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். வரும் பறவை அந்த இடைவெளியில்தான் இறங்கப் பார்க்கும். சிதறுகுண்டுத் துப்பாக்கிக்கு 30 மீட்டர் எல்லை. முதலிலேயே அடியளந்து ஒரு குச்சி நட்டுவிடுங்கள். வானத்தில் தூரம் பார்ப்பதில் கண் பொய் சொல்லும். அதற்கு அப்பால் குண்டுகள் விரிந்துவிடும், பறவை சாகாது, சிறகு ஒடிந்து வேலிக்கு அந்தப்பக்கம் விழும். காற்றுத்துப்பாக்கியானால் உட்கார்ந்த பறவையின் தலைக்கு மட்டும். நேர் முன்னாலிருந்து நெஞ்சுக்குச் சுடவே கூடாது. கழுத்தடியில் தீனிப்பை கோதுமையால் புடைத்திருக்கும். மணல்மூட்டையில் பட்டதுபோல் சிறுகுண்டு அதிலேயே நின்றுவிடும். புறா எழுந்து பறந்து இரண்டு நாள் கழித்துச் சாகும்.

விழுந்தது உயிரோடிருந்தால் அடுத்த புறா தலைக்குமேல் வந்தாலும் விட்டுவிடுங்கள். போய் எடுத்து முடித்துவிட்டு வாருங்கள். இரண்டு காலையும் இரண்டு சிறகு நுனிகளையும் சேர்த்து ஒரு கையில் பிடியுங்கள், அடித்துக்கொள்ளாது. மறுகையின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே மண்டையின் அடியைக் கவ்வி, கட்டைவிரலை அலகுக்குக் கீழே கொடுங்கள். கழுத்தைக் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டே, அதே வேகத்தில் தலையைப் பின்பக்கம் மடக்க வேண்டும். 'டக்' என்று விடுபடுவது விரலுக்குத் தெரியும். மண்டைக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு எலும்பில்லாத பள்ளம் தட்டுப்படும். ஒரே இழுப்பு. பயந்து பயந்து இரண்டு மூன்று தடவை இழுப்பதுதான் பறவைக்கு வாதை. கோழிக்குக் கொடுக்கும் பலத்தைக் கொடுத்தால் தலை கையோடு வந்துவிடும். பறவைக்கு அதில் கூடுதல் வேதனை இல்லை, உங்கள் சட்டைக்குத்தான் கேடு. கை வராதவர்கள் கனமான சிறு கட்டையால் பின்மண்டையில் ஓங்கி ஓர் அடி கொடுக்கலாம்.

அதன்பின் சிறகு அரை நிமிடம், ஒரு நிமிடம் படபடக்கும். அது நரம்பு அடங்குவது. செத்ததா என்று பார்க்கக் கண்மணியை விரல்நுனியால் தொடுங்கள். இமை அசையக் கூடாது, மூச்சும் இருக்கக் கூடாது. கழுத்தைப் பிடித்துச் சுழற்றுவது, தண்ணீரில் அமுக்குவது, சிறகுக்கடியில் இரு விரலால் நெஞ்சை நசுக்கி மூச்சடைப்பது மூன்றையும் "ஊர்ப் பழக்கம்" என்று எழுதாதீர்கள். நெஞ்சை நசுக்கினால் பறவை நினைவோடு திணறித்தான் சாகும். ஹலால் பார்ப்பவர்கள் உயிரோடு கிடைத்ததைச் சவரக்கத்திக் கூர்மையுள்ள கத்தியால் ஒரே அறுப்பில், மூச்சுக்குழலும் உணவுக்குழலும் இருபக்க ரத்தக்குழாய்களும் விடுபட அறுக்க வேண்டும். சுட்டதிலேயே செத்ததன் நிலை என்ன என்பதை உஸ்தாதிடம் கேட்பதே முறை.

அடுத்துக் கெடுவது பையில். சுட்ட புறாவையெல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில் திணித்துக் காரின் பின்பக்கம் போட்டால், நடுவிலுள்ள பறவைகளின் சூடு இறங்கவே இறங்காது. தீனிப்பையில் இருக்கும் பச்சைத்தழை புளித்து, மேல்நெஞ்சு பச்சைபாய்ந்து நாறும். ஒவ்வொன்றாகக் காற்றுப்பட வைத்து, தீனிப்பையை அங்கேயே கிழித்து எடுத்து, வீடு வந்ததும் 4 டிகிரிக்குக் கீழே குளிர்பதனப்பெட்டியில் வையுங்கள். தீனிப்பையை எடுக்கும்போது தொண்டையையும் திறந்து பாருங்கள். பாலாடைக்கட்டி போல மஞ்சள் படிவு இருந்தால் அது டிரைக்கோமோனாஸ் நோய். நெஞ்சு எவ்வளவு கொழுத்திருந்தாலும் தூக்கிப் போடுங்கள். நெஞ்செலும்பு கத்திபோல் துருத்தி நிற்கும் மெலிந்த பறவைக்கும் அதுவே கதி.

புறாவின் இறகு தளர்வானது, வெந்நீர் வேண்டியதில்லை. கோழிக்குப் போல முக்கி எடுத்தால் மெல்லிய தோல் இறகோடு கழன்று வரும். சூடு முழுதும் ஆறுமுன், ஒரு பெரிய பைக்குள் கையை விட்டுக் கொஞ்சங் கொஞ்சமாகப் பிய்க்கலாம், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். குண்டு பட்ட பறவையை முழுதாகப் பிய்ப்பது பெரும்பாலும் வீண்வேலை. நெஞ்சுத்தோலைக் கிள்ளிக் கிழித்து இருபக்கமும் உரித்து, நெஞ்செலும்பை ஒட்டிக் கத்தியை இறக்கினால் இரண்டு துண்டுகள் வரும். இரண்டும் சேர்ந்து 150 கிராம் அளவு. ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். சிறு துளையும் அதிலிருந்து கறுப்பு நூல் போல ஒன்றும் தெரிந்தால், அது குண்டு இழுத்துக்கொண்டு போன இறகு. அதன் முனையில்தான் குண்டு இருக்கும். சுற்றியுள்ள ரத்தம் கட்டிய சதையைக் கட்டைவிரல் அகலத்துக்கு வெட்டி எறியுங்கள். ஈயக்குண்டு உள்ளே போகும்போதே பொடிப்பொடியாக உதிர்கிறது, அந்தப் பொடி கண்ணுக்குத் தெரியாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஈயக்குண்டு பட்ட இறைச்சி வேண்டாம்.

முழுப்புறாவைக் கழுவுவோருக்கு ஒரு நல்ல சேதி: புறாவுக்குப் பித்தப்பை கிடையாது. "ஈரலைப் பார்த்து எடு, பித்து உடைந்தால் கறி கசக்கும்" என்று கோழிக்குச் சொல்வதை இங்கே ஒட்டவேண்டாம்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு வழி எளிது. உறையவைத்து இறக்குமதியாகும் வளர்ப்புப் புறாக்குஞ்சை, உரிமமுள்ள கடையில் வாங்குங்கள். சீன உணவகங்களில் மொறுமொறுவென்று வறுத்துத் தருவதும் இந்தக் குஞ்சைத்தான். கூட்டை விட்டுப் பறக்குமுன், நாலு வாரத்தில் அறுத்தது. பறக்காத நெஞ்சு என்பதால் மெத்தென்று இருக்கும். வெளிநாட்டில் வேட்டையாடியதைப் பெட்டியில் போட்டு எடுத்துவர வேண்டாம்.

குஞ்சுக்கும் கிழட்டுப் புறாவுக்கும் ஒரே குறிப்பு செல்லாது. நாள்முழுதும் பறந்த நெஞ்சு கரும்சிவப்பாக, கொழுப்பே இல்லாமல் இருக்கும். அதை நன்கு காய்ந்த இரும்புச்சட்டியில் பக்கத்துக்கு 2 அல்லது 3 நிமிடம் வாட்டி, 5 நிமிடம் ஆறவிட்டு மெல்லியதாக அரிய வேண்டும். இங்கிலாந்தில் நடு சிவந்திருக்கவே சாப்பிடுகிறார்கள். சிவப்பு வேண்டாம் என்பவர்கள் நெஞ்சையும் காலையும் எலும்போடு சேர்த்து ஒன்றரை மணிநேரம் சிறுதீயில் வைக்க வேண்டும். குக்கரானால் முதல் விசிலுக்குப் பின் தணலில் 25 நிமிடம். இரண்டுக்கும் நடுவே, "20 நிமிடம் மூடி வேகவிடவும்" என்று நீங்கள் எழுதுகிறீர்களே, அதுதான் தோல்செருப்பு. அந்த நேரத்தில் சதை சுருங்கி நீரையெல்லாம் பிழிந்துவிடுகிறது. சவ்வோ இன்னும் கரையவில்லை.

குஞ்சுக்கு எங்கள் அளவு: நான்கு குஞ்சு, ஒவ்வொன்றும் நான்கு துண்டு. சின்ன வெங்காயம் கால் கிலோ, பூண்டு 40 கிராம், இஞ்சி 30 கிராம், மிளகு 2 மேசைக்கரண்டி, சீரகம் 1 மேசைக்கரண்டி, சோம்பு 1 தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு 2 தேக்கரண்டி, நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டி, கறிவேப்பிலை இரண்டு கொத்து. மிளகு, சீரகம், சோம்பை வெறும்சட்டியில் வறுத்து ஒன்றிரண்டாக இடியுங்கள். பாதியை முதலிலும் பாதியைக் கடைசியிலும் போட வேண்டும். வெங்காயம் பொன்னிறமானதும் இஞ்சி பூண்டு விழுது, பிறகு கறி. தோல் எண்ணெயில் பிடித்து நிறம் மாறிய பின்பே 200 மில்லி வெந்நீர். 25 நிமிடத்தில் கால் எலும்பிலிருந்து சதை விடத் தொடங்கும், அப்போது திறந்துவைத்துச் சுண்டவிடுங்கள். தக்காளி வேண்டாம். தேங்காய்ப்பால் ஊற்றவே ஊற்றாதீர்கள். புறாவின் ருசியே அந்த இரும்பு வாசம்தான், அதை மூடிவிட்டால் கோழியே வாங்கியிருக்கலாம்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். புறாக் குறிப்பு எதுவானாலும் முதல் வரியில் இனம், வயது, வாங்கிய இடம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். புளோக் புறாவைப் பிடிக்கும் வழி சொல்லும் பதிவுகளை எடுத்துவிடுங்கள். புறா ரத்தத்தைச் சூடாகப் பக்கவாதக்காரருக்குத் தேய்க்கச் சொல்லும் குறிப்பு வருடந்தோறும் திரும்ப வருகிறதே, அதையும் சேர்த்து எடுங்கள். பக்கவாதம் வந்தவருக்கு வேண்டியது 995, ஆம்புலன்ஸ்.

இப்படிக்கு,
புறாவும் காடையும் அறுத்துச் சமைத்துப் பழகிய சிலர்
சிங்கப்பூர்