புக்கிட் கியாரா நடைபாதைகள்: கோரிக்கைக் கடிதம்

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூரிலுள்ள புக்கிட் கியாரா மலையின் நடைபாதைகள் தொடர்ந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற கோரிக்கையை மாநகர் மன்றத்துக்கும் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுத்து வடிவில் அனுப்பவிருக்கிறோம். அங்குள்ள தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடிகள் கட்ட வழங்கப்பட்ட மேம்பாட்டு அனுமதி செல்லாது என்பதை, குடியிருப்பாளர்கள் 2017இல் தொடுத்த வழக்கின் முடிவில், 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் உறுதி செய்தது. எனினும் அத்தீர்ப்பு அந்தப் பூங்கா நிலத்தைப் பற்றியதே அன்றி, மலைமேல் செல்லும் ஒவ்வோர் ஒற்றையடிப் பாதைக்கும் பாதுகாப்பு ஆகாது.

ஆகவே, கடிதத்துக்காக நீங்கள் எழுதும் பகுதியில், பசுமையைக் காப்போம் என்று பொதுப்படையாக எழுதாமல், எந்த வழியாக ஏறுகிறீர்கள், எந்நேரத்தில், யாருடன் என்பதைக் குறிப்பிடுங்கள். பால்வெட்டிய தழும்பு மாறாத பழைய ரப்பர் மரங்களுக்கிடையே எடுத்த படம் இருந்தால் இணையுங்கள். முன்பு அங்கிருந்த ரப்பர் தோட்டத்தில் உழைத்த குடும்பங்கள் லயத்து வீடுகளில் நிரந்தர வீட்டுக்காக நெடுங்காலம் காத்திருந்ததை விட்டுவிட்டுப் பாதையை மட்டும் கேட்பது, என் கருத்தில், முறையன்று. ஆதலால் அதற்கும் கடிதத்தில் ஒரு பத்தி ஒதுக்கியுள்ளோம்.

வரும் வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் எழுதிய பகுதியைச் செயலாளருக்குத் தனிச்செய்தியில் அனுப்பவும். அடையாள அட்டை எண்ணைத் தயவுசெய்து குழுவில் பதிவிட வேண்டாம்.