ரப்பர் காட்டிலிருந்து வந்த மரினா

அன்பு மகளுக்கு,

வேலையை விட்டால் இத்தனை வருட உழைப்பும் வீணாகிவிடாதா அம்மா என்று போனில் கேட்டாய். அதிலிருந்து எனக்கு மரினா சில்வா நினைப்பாகவே இருக்கிறது. பிரேசிலில் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தவர்.

நம் ஊர் ரப்பர் மரத்துக்குப் பூர்வீகம் அமேசான் காடுதானே. அங்கே அக்ரே மாநிலத்தில் 1958-இல் பால்வெட்டுக் குடும்பத்தில் பிறந்தார். 11 பிள்ளைகளில் 8 பேர்தான் பிழைத்தார்கள். அப்பாவின் கடனை அடைக்கச் சின்ன வயதிலேயே பால்வெட்டப் போனார். 16 வயதில் வைத்தியத்துக்காக ரியோ பிராங்கோ நகரத்துக்கு வந்த பிறகுதான் எழுதப் படிக்கவே கற்றார். வீட்டுவேலை செய்துகொண்டே படித்து, வரலாற்றில் பட்டமும் வாங்கினார். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கிவிடும்.

காட்டை அழிக்க வந்தவர்களை மறித்து நின்ற போராட்டங்களில் ரப்பர் தொழிலாளர் தலைவர் சிக்கோ மெண்டிஸோடு இவரும் இருந்தார். 1988 டிசம்பரில் மெண்டிஸை அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். மரினா ஒதுங்கவில்லை, 1994-இல் 36 வயதில் செனட்டரானார்.

2003-இல் பிரேசில் அதிபர் லூலா அவரை அமைச்சராக்கினார். 2004-இல் மட்டும் அமேசானில் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு அழிந்தது. செயற்கைக்கோள் கண்காணிப்பு, சோதனை, அபராதம், புதிய காப்புக்காடுகள் என்று நெருக்கி, 2007-க்குள் அதைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தார்கள். ஆனால் அணைகளும் பெரும் பண்ணைகளும் வேண்டும் என்ற அழுத்தம் அரசுக்குள்ளேயே கூடியது. 2008 மே மாதம் ராஜினாமா செய்துவிட்டார்.

மக்ளே, அவர் போட்ட திட்டம் அவர் போன பிறகும் நடந்தது. காடழிப்பு 2012 வரை குறைந்துகொண்டே வந்தது. நீ கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

அப்புறம் அவருக்கு எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்ல மாட்டேன். 2010 அதிபர் தேர்தலில் ஏறத்தாழ 2 கோடி ஓட்டு வாங்கியவருக்கு, 2018-இல் 100-க்கு 1 ஓட்டுதான் கிடைத்தது. 2022-இல், சுற்றுச்சூழல் திட்டங்களை ஏற்கச் சொல்லி, அதே லூலாவுக்கு ஆதரவு கொடுத்தார். 2023-இல் அதே அமைச்சகத்துக்குத் திரும்பினார். 2 ஆண்டுகளில் காடழிப்பு ஏறக்குறைய பாதியானது.

சரி, கையில் சில மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று மட்டும் எழுது. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா